சிவப்புக் குடை வரும் படம் எது?

போன வருடம் மார்ச் மாதம், ஏற்காட்டில் காப்பிச் செடிகள் பூத்திருந்த சமயத்தில் இது நடந்தது. ஏரிக்கு மேலே இருக்கும் ஒரு லாட்ஜில் நான் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறேன். ஏப்ரல் பாதியிலிருந்து சீசன் களைகட்டிவிடும், மூச்சுவிட நேரம் இருக்காது. மார்ச்சில், அதுவும் வார நாட்களில், ரூம் சாவிகள் எல்லாம் பலகையில் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். நானும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அப்படி ஒரு நாள், ரூமைக் காலி செய்ய வந்த ஒரு சென்னைத் தம்பதி கவுன்ட்டர் முன்னாலேயே சிரித்துக்கொண்டே சண்டை போட்டார்கள். கணவர் சின்ன வயதில் ஒரு படம் பார்த்தாராம். ஓடும் ரயிலின் கூரைமேல் ஒருவன் பாய் விரித்துப் படுத்திருப்பானாம். அது மட்டும்தான் அவருக்கு ஞாபகம். அப்படி ஒரு படமே கிடையாது என்று மனைவி சொல்லியிருக்கிறார். முந்தின நாள் சாயங்காலம் ஏதோ ஒரு குழுவில் இதைப் போட்டிருக்கிறார் கணவர். மறந்துபோன பழைய படங்களைக் கண்டுபிடிப்பதற்கென்றே நெட்டில் இருக்கிற குழுவாம். காலையில் எழுந்து பார்த்தால் படத்தின் பெயரோடு அந்தக் காட்சியையே யாரோ அனுப்பிவிட்டார்கள்.

நான் ஆவென்று பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு அந்த அம்மா கேட்டார்: "என்னங்க, நீங்களும் ஏதாவது படத்தைத் தேடுறீங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஒரு சிவப்புக் குடைங்க" என்று வந்துவிட்டது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

எனக்கு நான்கு வயது இருக்கும்போது அம்மா காய்ச்சலில் இறந்துவிட்டார். அப்பாவும் அம்மாவும் ஏற்காட்டில் ஏதோ ஒரு எஸ்டேட்டில் வேலை செய்தவர்கள். அம்மா போனதும் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு கீழே சேலத்துக்கு, அத்தை வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் மலை ஏறவே இல்லை. அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். இஷ்டப்பட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் என்பதால் அம்மா பக்கத்துச் சொந்தமும் கிடையாது. எந்த எஸ்டேட் என்று கேட்டால்கூட அப்பா எழுந்து போய்விடுவார், அத்தைக்கும் தெரியாது. அம்மாவின் போட்டோ என்று ஒன்றுகூட எங்களிடம் இல்லை. விதி பாருங்கள், எனக்கு மாப்பிள்ளை அமைந்தது ஏற்காட்டில்தான். கல்யாணமாகி இங்கே வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. என் கணவர் டாக்சி ஓட்டுகிறார். அவரும் எங்கெங்கோ விசாரித்துப் பார்த்தார். எஸ்டேட் பெயர் தெரியாமல் யாரைப் போய்க் கேட்பது?

எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அத்தையின் பக்கத்து வீட்டில் டிவியில் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். தெருவே அந்த வீட்டுக்குள் இருந்தது. திடீரென்று ஒரு காட்சி. இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகப் பூ, நடுவில் சரிவான பாதை, ஒரு பெண் குடை பிடித்துக்கொண்டு கீழே இறங்கிப் போகிறாள். முதுகுதான் தெரிகிறது. நான் எழுந்து நின்று, "எங்கம்மா! எங்கம்மா!" என்று கத்தினேன். அடுத்த நொடியே கதாநாயகியின் முகம் பெரிதாக வந்தது. வீடே சிரித்தது. "பாருங்கடி, இவங்கம்மா கதாநாயகியாமா!" என்று யாரோ சொல்ல, இன்னும் சிரித்தார்கள். அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து தெருவில் இறங்கிப் போய்விட்டார். என்னால் அவருக்கு அவமானம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை. ஆனால் கண்ணை மூடினால் அந்தச் சிவப்புக் குடை இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும்.

அந்தச் சென்னை அம்மா என் போனை வாங்கி என்னைக் குழுவில் சேர்த்துவிட்டு, டாக்சி ஹாரன் அடித்ததும் ஓடிவிட்டார். நானும் பயந்து பயந்து எழுதினேன். 'ஒரு பெண் சிவப்புக் குடையோடு பூக்கள் நடுவே சரிவில் இறங்கிப் போவாள். எண்பதுகளில் வந்த படமாக இருக்கலாம். வேறு எதுவும் ஞாபகம் இல்லை.' அம்மாவைப் பற்றி எழுதவில்லை.

பதில்கள் குவிந்தன. ஆளுக்கு ஒரு படம் சொன்னார்கள். தமிழ் சினிமாவில் மழை பெய்தாலே சிவப்புக் குடைதான் என்று ஒருவர் கிண்டல் செய்தார். சொன்ன படங்களை எல்லாம் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். எதுவும் அது இல்லை. என் கணவர் சாப்பாடு கொண்டுவந்து வைக்கும்போது, "ஏம் புள்ள, இன்னைக்கி எந்தப் படம்?" என்று கேலி செய்வார். பிறகு பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு தானும் பார்ப்பார்.

பதில்கள் ஓய்ந்த பிறகு ஒருவர் எனக்குத் தனியாக எழுதினார். தூத்துக்குடியில் கணக்கு டீச்சராம். பழைய படங்கள் என்றால் உயிராம். அவர் கேட்ட கேள்வி வேறு மாதிரி இருந்தது.

"படத்தை விடுங்க. அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க? பக்கத்துல யாரு? படம் முடிஞ்சதும் மத்தவங்க என்ன பேசினாங்க?"

யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. யோசித்து யோசித்து எழுதினேன். தரை சில்லென்று இருந்தது. கூட்டத்தில் யாரோ வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். டிவி மரப்பெட்டிக்குள் இருந்தது. இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற கதவு. பிறகு திடீரென்று ஒன்று ஞாபகம் வந்தது. படம் முடிந்த பிறகும் அந்த வீட்டு அக்கா டிவியைப் பார்த்து, "இந்த டாக்டரு நல்லா இருப்பானா?" என்று சாபம் விட்டுக்கொண்டே இருந்தார்.

"டாக்டரா? மலை, டாக்டர், பார்க்கிறவங்க திட்டுற மாதிரி முடிவு. சரி, தேடறேன்" என்றார் டீச்சர்.

ஒரு வாரம் சத்தமே இல்லை. என்னை மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு ஒரு மத்தியானம் படத்தின் பெயரும் ஒரு லிங்க்கும் வந்தன. பெயரைச் சொன்னால் உங்களில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது, ஓடாத படம். யாரோ வீடியோ கேசட்டிலிருந்து எடுத்து வைத்திருந்த பிரதியை அவரிடம் இவரிடம் கேட்டு வாங்கியிருக்கிறார்.

கணவருக்காகக் காத்திருக்காமல் ஓடவிட்டேன். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அந்த இடம் வந்தது. அதே சரிவு, அதே பூக்கள், அதே சிவப்புக் குடை. முதுகைக் காட்டி ஒரு பெண் இறங்கிப் போகிறாள். அடுத்த நொடி, அன்று போலவே, கதாநாயகியின் முகம். அதே புடவை, அதே குடை. எல்லோருக்கும் தெரிந்த முகம்தான்.

போனைக் கவிழ்த்து வைத்தேன். அன்றைக்குச் சிரித்தவர்கள் சரியாகத்தான் சிரித்திருக்கிறார்கள். அம்மா இல்லாத ஒரு குழந்தை, குடை பிடித்துப் போன நடிகையைப் பார்த்து அம்மா என்று கத்தியிருக்கிறது, அவ்வளவுதான். இத்தனை வருடம் கழித்து எனக்கு மறுபடியும் அம்மா செத்துப்போன மாதிரி இருந்தது. ஒரு குடும்பம் ரூம் கேட்டு வந்தது. அழுத முகத்தோடு எப்படிப் பேசுவது என்று தெரியாமல், ஜலதோஷம் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன்.

சாயங்காலம் டீச்சருக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். அம்மா, அப்பா, எல்லோரும் சிரித்தது, எல்லாம். 'நான் தேடியது படத்தை இல்லை டீச்சர். ஆனால் அது வெறும் கதாநாயகிதான். உங்களை வீணாகச் சிரமப்படுத்திவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்' என்று முடித்தேன்.

உடனே போனே செய்துவிட்டார். அப்போதுதான் முதன்முதலாக அவர் குரலைக் கேட்டேன். படபடவென்று பேசினார்.

"இருங்க, இருங்க. அந்த டிவி கலர் டிவியா?"

"தெரியலைங்க டீச்சர்."

"கேட்டுச் சொல்லுங்க."

அத்தைக்குப் போன் போட்டேன். இந்தக் கேள்விக்கா போன் செய்தாய் என்று அத்தை சிரித்தார். "அப்பயெல்லாம் நம்ம தெருவுல ஏது கண்ணு கலரு டிவி? அவிய ஊட்டுல கடேசி வரைக்கும் கருப்பு வெள்ளதான்."

டீச்சரிடம் சொன்னேன். அவர் மெதுவாகக் கேட்டார்.

"கருப்பு வெள்ளை டிவியில குடை சிவப்புன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எனக்கு உங்க கதை தெரியாதப்பவே அந்த இடம் ஒரு மாதிரி உறுத்துச்சு. தூரத்துல இறங்கிப் போற பொண்ணு காலைப் பாருங்க, வெறுங்கால். முகத்தைக் காட்டின அப்புறம் நடந்து வர்றப்போ நடிகை கால்ல செருப்பு இருக்கு. வேற யாரையோ நடக்க வெச்சு எடுத்திருக்காங்க. யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா நீங்க அந்தக் குடையை நேர்ல பார்த்திருக்கீங்க."

அன்று வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் அந்தக் காட்சியைக் காட்டினேன். அவர் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. திரையின் ஓரத்தைப் பார்த்தார். சரிவின் அடியில் கல் கட்டடம் ஒன்று, அதன் பக்கத்தில் காப்பிக் கொட்டை காயவைக்கிற களம், களத்து மூலையில் யானை படுத்த மாதிரி ஒரு பாறை.

"ஏ புள்ள, இந்தப் பாறை எனக்குத் தெரியும். நாகலூர்ல இருந்து உள்ள போற எஸ்டேட்டு ரோடு. டூரிஸ்ட்டுங்க போட்டோ எடுக்கறதுக்கு நாங்கூட நிறுத்தியிருக்கறேன்" என்றார்.

அடுத்த நாளே லீவு சொல்லிவிட்டுப் போனோம். வழியெல்லாம், அடுத்த மழைக்கு மறுபடி பூத்த காப்பியின் வாசனை. மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களைத் தாண்டி வண்டி திரும்பியதும் அந்தப் பாறை நின்றது. கட்டடத்துக்குப் புதுக் கூரை போட்டிருந்தார்கள். மற்றபடி படத்தில் பார்த்த அதே இடம். எஸ்டேட் கைமாறிக் கைமாறி, ஆட்கள் எல்லாம் மாறியிருந்தார்கள். அங்கே கணக்கு எழுதும் ரைட்டர் என்னைவிடச் சின்னவர். ஆனால் பொறுமையாகக் கேட்டார்.

"அந்தக் காலத்து ஆளுங்கன்னா இப்ப ஒருத்தர்தானுங்க இருக்கறாங்க. கொட்டச்சேட்டுல, மகன் ஊட்டுல" என்று வழி சொன்னார்.

கொட்டச்சேட்டில் நாங்கள் போனபோது அந்தம்மா கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நல்ல உயரம், கணீரென்ற குரல். நான் யார், என்ன என்று எதுவும் சொல்லவில்லை. சொன்னால் என் மனசுக்காக ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். "பழைய படம் ஒண்ணுங்கம்மா, இந்த எஸ்டேட்டுல எடுத்தது. பாக்கறீங்களா?" என்று மட்டும் கேட்டேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு போனை வாங்கினார்.

அந்தப் பெண் இறங்க ஆரம்பித்ததுமே அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அட சாமி! இது எங்க சிநேகிதியாச்சே! அந்த நடிக்க வந்த அம்மிணி இல்லீங்க இது. எங்களோட பழம் பறிச்சவ. காலச் சாச்சு வெச்சு எறங்கறா பாருங்க. எங்க பார்த்தாலும் கண்டுபுடிப்பேன்."

என் அம்மாவின் பெயரைச் சொன்னார். நான் சொல்லாமலே சொன்னார்.

நான் அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். கணவர்தான், "ஏனுங்கம்மா, அவங்க மகதான் இது" என்றார். அந்தம்மா போனைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். இழுத்துக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் அழுதோம். கோழிகள் எங்கள் காலைச் சுற்றிக் கொத்திக்கொண்டிருந்தன.

பிறகு உள்ளே உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, நடந்ததைச் சொன்னார்.

"அந்த அம்மிணி குதிகால் செருப்பப் போட்டுக்கிட்டு எறங்குனாங்க கண்ணு. மொத நாள் மழை, ஒரே வழுக்கல். காலு பெசகிப் போச்சு. டைரக்டரு தலையில அடிச்சுக்கறாரு. காப்பிப் பூவு நாலு நாளைக்கி மேல நிக்காது, உட்டா போச்சு. எங்களையெல்லாம் நிறுத்தி வெச்சு ஒசரம் பாத்தாங்க. உங்கம்மாவப் புடிச்சு அந்தச் சீலையக் கட்டி, குடையக் கையில குடுத்துட்டாங்க. அவளுக்கு நொம்ப வெக்கம். சிரிச்சுக்கிட்டே இருந்தா."

"நான் எங்கம்மா இருந்தேன்?"

"எங்க இருந்தியா? என்ற இடுப்புல இருந்த! உன்ன எங்கிட்டக் குடுத்துட்டுத்தான் போனா. அவ குடையோட போறதப் பாத்துட்டு நீ அம்மா அம்மான்னு ஒரே அழுகை. அவளால திரும்பாம இருக்க முடியல. திரும்பாதம்மா, மூஞ்சி தெரியுதுன்னு டைரக்டரு கத்தறாரு. மறுக்கா நடக்க உட்டாங்க, மறுக்கா திரும்புனா. கடேசியா எடுத்ததுலயும் திரும்பத்தான் போனா சாமி. அதுக்குள்ளாற நிறுத்திப்போட்டாங்க."

அதற்கப்புறம் எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் எல்லோரும் அம்மாவைக் 'கதாநாயகி' என்றுதான் கூப்பிடுவார்களாம். அப்பாவும் அப்படித்தான் கூப்பிடுவாராம். ஆத்தூர் தியேட்டருக்குப் படம் வந்தபோது எல்லோரும் சேர்ந்து பஸ் ஏறிப் போய்ப் பார்க்கத் திட்டம் போட்டார்களாம். அதற்குள் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அம்மா அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை.

பக்கத்து வீட்டு வாசற்படியிலிருந்து அப்பா ஏன் எழுந்து போனார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வருடக்கணக்கில் நான் நினைத்துக்கொண்டிருந்தது தப்பு. அவர் அவமானப்பட்டுப் போகவில்லை. அந்தக் கூட்டத்தில் இரண்டு பேருக்கு மட்டும்தான் அது யாரென்று தெரிந்திருந்தது. ஒன்று நான், இன்னொன்று அவர். அவரால் அங்கே உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். இப்போது அப்பாவும் இல்லை. இருந்திருந்தால் போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் டீச்சருக்குச் சொன்னேன். அவரும் போனிலேயே அழுதார். சாயங்காலம் அந்தக் காட்சியை மட்டும் வெட்டி, மெதுவாக ஓடுகிற மாதிரி செய்து அனுப்பினார். காட்சி முடிகிற இடத்தில், கத்தரி விழுவதற்குச் சற்று முன்னால், அந்தப் பெண்ணின் தலை இடது பக்கம் திரும்ப ஆரம்பிக்கிறது. காது தெரிகிறது. கன்னத்தின் ஒரு ஓரம் தெரிகிறது. சிரிப்பில் கன்னம் மேலே ஏறியிருப்பது தெரிகிறது. அவ்வளவுதான். முழு முகம் இல்லை. கேசட்டிலிருந்து எடுத்த பிரதி என்பதால் அதுகூட மங்கல்தான்.

ஆனால் அவர் எதற்காகத் திரும்புகிறார் என்று எனக்குத் தெரியும். இத்தனை பேர் கூடி எடுத்த ஒரு படத்தில், கேமராவையும் டைரக்டரையும் மீறி, என் அழுகைக்காக அம்மா திரும்பியிருக்கிறார். போட்டோ இருந்திருந்தால்கூட இது எனக்குக் கிடைத்திருக்காது. என் கணவர் அதைப் பல முறை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "நீயும் லாட்ஜு படியில இப்படித்தான் எறங்குவ, காலச் சாச்சு வெச்சு" என்றார். நான் கவனித்ததே இல்லை. மறுநாள் வேலை முடிந்து இறங்கும்போது என் காலை நானே குனிந்து பார்த்துக்கொண்டு இறங்கினேன்.

கொட்டச்சேட்டு அம்மாவை இப்போது மாதத்தில் ஓரிரு முறை போய்ப் பார்க்கிறோம். ஒவ்வொரு தடவையும் அம்மாவைப் பற்றிப் புதிதாக ஏதாவது ஒன்று அவருக்கு ஞாபகம் வருகிறது. அம்மாவுக்குப் பாட்டு வராது என்பதும், ஆனாலும் பாடிக்கொண்டே பழம் பறிப்பார் என்பதும் போன மாதம்தான் தெரிந்தது. டீச்சர் வரும் லீவில் குடும்பத்தோடு ஏற்காட்டுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஏரி தெரிகிற ரூமாகப் பார்த்து வைத்திருக்கிறேன்.

அந்தக் குழுவிலிருந்து நான் விலகவில்லை. எனக்குப் படங்களைப் பற்றி அப்படி ஒன்றும் தெரியாது. ஆனால் யாராவது, 'ஒரு வண்டிச் சக்கரம் தனியாக உருண்டு போகும், அது மட்டும்தான் ஞாபகம்' என்று எழுதி, கீழே நாலு பேர் கிண்டல் செய்தால், நான் அவருக்குத் தனியாக எழுதுகிறேன். அன்றைக்கு எங்கே இருந்தீர்கள், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்கிறேன். சிலர் பதில் சொல்வதில்லை. சிலர் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். போன வாரம் ஒருவர் தன் தங்கையைப் பற்றி எழுதினார். படம் இன்னும் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஒருவர் பாதி ஞாபகத்தோடு வந்து நிற்கும்போது எனக்கு இப்போதெல்லாம் சிரிப்பு வருவதில்லை. மீதிப் பாதி எங்கேயோ, யாரோ ஒருவரிடம் பத்திரமாக இருக்கும், போய்க் கேட்டால் போதும் என்ற நம்பிக்கைதான் வருகிறது.